கடைக்காரர் குரல் கேட்கிறதா?

சென்ற இதழில் தெருச் சந்தை பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மாதம் ஒரு நாள் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்தார் சமைத்ததையும் விளைத்ததையும் அங்கேயே விற்று, நடுவில் நாலு பேர் வாசித்துப் பாடினால் அந்தத் தெருவுக்கு ஒரு களை வந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மைக்செட் கடையில் வளர்ந்தவள். அப்பாவோடு போய் ஒயர் இழுத்து, ஒயர் சுற்றிப் பழகியவள். பதினோரு வருடமாக ஒரு தெருச் சந்தைக் குழுவில் இருக்கிறேன். கடைகளுக்கு இடம் பிரிப்பதும் இசைக்கு ஏற்பாடு செய்வதும் என் பொறுப்பு.

கேள்வி: அக்கா, எங்கள் தெரு ஏறக்குறைய 120 மீட்டர் நீளம். முப்பது கடை போடுகிறோம். ஒரு முனையில் மேடை, இரண்டு பெரிய ஸ்பீக்கர். மேடை அருகே கடை போட யாரும் வர மறுக்கிறார்கள். மறுமுனையில் இருப்பவர்களோ பாட்டே கேட்கவில்லை என்கிறார்கள். இன்னும் பெரிய ஸ்பீக்கராக எடுத்துவிடலாமா?
— சந்தைக் குழுச் செயலாளர்

எடுக்காதீர்கள். இதே தப்பை நாங்களும் இரண்டாம் வருடம் செய்தோம். மேடையிலிருந்து இரண்டாவதாக ஒரு சூப்புக் கடை. ஒரு அம்மா தன் பையனுக்காக "காரம் வேண்டாம்" என்றார். கடைக்காரி காதில் "காரம் வேணும்" என்று விழுந்தது. அள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு வாய் குடித்ததும் பையனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். கடைக்காரி பதறிப்போய், வலது கையில் கரண்டியும் இடது கையைக் காதுக்குப் பின்னால் குவித்தபடியும் "என்னம்மா, என்னம்மா" என்று கேட்டுக்கொண்டு நின்றார். அப்போதும் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நான் பத்தடி தள்ளி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டிப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தைக் கூட்டி வைத்த கை என்னுடையது. அடுத்த மாதம் அவர் கடை போட வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் திரும்ப அழைத்து வந்தேன்.

கணக்கு இதுதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் முன்னால் 95 என்றால் 2 மீட்டரில் 89, 4 மீட்டரில் 83, 8 மீட்டரில் 77, 16 மீட்டரில் 71. இருபுறமும் சுவர் உள்ள தெருவில் எதிரொலி இருப்பதால் குறைவது இன்னும் மெதுவாக இருக்கும். இரண்டு பேர் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்று சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபல் அளவில் இருக்கும். அப்படியானால் முதல் பத்துக் கடைக்காரர்கள் தங்கள் பேச்சை விடப் பெரிய சத்தத்துக்குள் நின்று வியாபாரம் செய்கிறார்கள். நீங்கள் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் கடைசிக் கடைக்குப் பாட்டு கொஞ்சம் போய்ச் சேரும், முதல் பத்துக் கடைகள் மொத்தமாகக் காலியாகும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். எத்தியேன் லொம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை 1911இல் எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். சந்தையில் இது சங்கிலி மாதிரி வேலை செய்யும். பாட்டு கூடினால் பேச்சு கூடும், பேச்சு கூடினால் பாடுபவர் மைக்கை இன்னும் ஏற்றச் சொல்வார். இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் தொண்டை கட்டிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? மேடையை முனையிலிருந்து எடுத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள். ஆள் தலைக்கு மேலே ஸ்டாண்டில் ஏற்றி, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, உட்கார்ந்து கேட்பவர்களைப் பார்த்து வையுங்கள். தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர் உடம்பே சத்தத்தைத் தடுத்துவிடும், நீங்கள் மேலும் ஏற்றுவீர்கள். மேடைக்கு நேர் எதிரே ஏழெட்டு மீட்டருக்குக் கடையே வேண்டாம், அங்கே பெஞ்சு போடுங்கள். சாப்பாட்டை வாங்கியவர்கள் உட்கார இடம் தேடுவார்கள், இசை கேட்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

தெரு நெடுகச் சின்னச் சின்ன ஸ்பீக்கர் கட்டலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம், ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். சின்ன ஸ்பீக்கர் அருகே நிற்பவருக்கு, 34 மீட்டர் தள்ளி இருக்கும் மேடை ஸ்பீக்கர் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வரும். ஒரே சொல் இரண்டு தடவை காதில் விழுவது மாதிரி இருக்கும். மேடையிலிருந்து தள்ளிக் கட்டிய அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஒலியை அதே அளவு தாமதப்படுத்தும் வசதி இப்போது பல மிக்சர்களில் உண்டு. அது இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கடைசிக் கடை பக்கத்தில் மைக்கே இல்லாமல் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். புல்லாங்குழலோ வயலினோ போதும். மேடையில் இடைவேளை விடும்போது அவர் வாசிக்கட்டும். எங்கள் சந்தையில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரமே அதுதான்.

கேள்வி: நான் சந்தை நடக்கும் தெருவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். மாலை முழுக்க ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. புகார் சொன்னால் 'மாதம் ஒருநாள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். நான் சந்தைக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார்.
— மூன்றாம் மாடி வாசகர்

ஐயா, நியாயம் உங்கள் பக்கம். 'மாதம் ஒருநாள்தானே' என்று சொல்லும் உரிமை அந்த வீட்டில் படுத்திருப்பவருக்குத்தான் உண்டு. வெளியே நிற்பவருக்கு இல்லை.

கண்ணாடி அதிர்கிறது என்றால் அது தாழ்ந்த சுருதி ஒலி. பேஸ் என்று சொல்வோமே, அது. உச்ச சுருதி ஒலியைச் சுவரும் ஜன்னலும் பெருமளவு தடுத்துவிடும். தாழ்ந்த ஒலி சுவர் வழியாகவே உள்ளே வரும், தூரமும் போகும். கீழே நிற்பவருக்குப் பாட்டாகக் கேட்பது உங்கள் வீட்டுக்குள் வெறும் 'தும் தும்' என்று வந்து சேர்வதற்குக் காரணம் இதுதான். ஆகவே குழுவிடம் போய் "சத்தத்தைக் குறையுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "பேஸ் ஸ்பீக்கரை எடுத்துவிடுங்கள், மிக்சரில் தாழ்ந்த ஒலியை வெட்டுங்கள்" என்று சொல்லுங்கள். மைக்செட்காரருக்குச் சட்டென்று புரியும். தெருச் சந்தைக்குத் தனியாகப் பேஸ் பெட்டி தேவையே இல்லை என்பது என் கருத்து. அது நடனத்துக்கு உரியது.

அப்புறம், குழுவில் ஒருவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கீழே பாட்டு ஓடும்போது நோயாளி படுத்திருக்கும் அறையில் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். நான் இதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சந்தையிலும் முதல் பாட்டு தொடங்கியதும் யாராவது ஒரு மாடி வீட்டுக்கு ஏறிப் போய்விடுவேன். கீழே நின்றால் தெரியாதது அங்கே தெரியும். அந்த வீட்டுக்காரர்களிடம் என் கைபேசி எண் இருக்கும். எத்தனை மணிக்கு முடியும் என்று எழுதிய சீட்டு ஒரு வாரம் முன்பே எல்லாக் கதவுக்கும் போய்விடும். எழுதிய நேரத்துக்குமேல் ஒரு பாட்டுகூடக் கிடையாது, பாடுபவர் யாராக இருந்தாலும் சரி.

கேள்வி: நான் பாடகி. கித்தார் வாசிக்கும் நண்பருடன் சேர்ந்து சந்தைகளில் பாடுகிறேன். அழைப்பவர்கள் 'பணம் இல்லை, ஆனால் நிறையப் பேர் உங்களைப் பார்ப்பார்கள்' என்கிறார்கள். மறுத்தால் திமிர் என்கிறார்கள். எப்படிச் சொல்வது?
— ஒரு பாடகி

கூடாரம் வாடகைக்குக் கொடுத்தவரிடம் யாராவது 'உங்கள் கூடாரத்தை நிறையப் பேர் பார்ப்பார்கள்' என்று சொல்லி அனுப்புகிறார்களா? அவருக்குப் பணம் கொடுக்கிறார்கள், ஜெனரேட்டருக்கு டீசல் போடுகிறார்கள். பாடுகிறவருக்கு மட்டும் ஏன் இல்லை?

எங்கள் குழுவில் முதல் வருடமே ஒரு ஏற்பாடு செய்தோம். கடை வாடகையில் ஒரு பங்கு இசைக்கென்று தனியாக எடுத்து வைக்கப்படும். அதற்குக் கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இசை இருந்தால் மக்கள் கூடுதல் நேரம் நிற்கிறார்கள், நிற்பவர்களுக்குப் பசிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு மாதம் பாடகருக்கு உடம்பு சரியில்லாமல் இசை இல்லாமலே நடந்தது. மக்கள் வந்தார்கள், வாங்கினார்கள், போய்விட்டார்கள். எட்டு மணிக்குத் தெரு காலி. அதன் பிறகு முணுமுணுப்பு இல்லை.

நீங்கள் மூன்று விஷயங்களை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எவ்வளவு பணம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி, மைக்கும் மின்சாரமும் யார் பொறுப்பு. முன்னால் ஒரு தொப்பியோ பெட்டியோ வைக்கவும் அனுமதி கேளுங்கள். அதில் விழுவது சம்பளத்துக்கு மேல், சம்பளத்துக்குப் பதில் அல்ல. நாற்பது நிமிடம் பாடி இருபது நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் உங்கள் தொண்டைக்கும் நல்லது, கடைக்காரர்களுக்கும் நல்லது. பாட்டு நின்ற அடுத்த நிமிடமே எல்லாரும் எழுந்து கடைப் பக்கம் போவதை நீங்களே பார்க்கலாம்.

மற்றவர் எழுதிய பாட்டைப் பொது இடத்தில் பாடினால் பெரும்பாலான நாடுகளில் அதன் உரிமையாளர்களுக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். அதைக் கட்டுவது நிகழ்ச்சி நடத்துபவர் வேலை. அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் வீட்டில் பெரிய பாத்திரத்தில் சோறு சமைத்து மூடி வைத்து, மாலை சந்தையில் சூடுபடுத்தி விற்கலாமா? நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும்தானே?
— புதிதாகக் கடை போட இருப்பவர்

கூடாது அம்மா. நீங்கள் நினைப்பது பாதி சரி. அந்த மீதிப் பாதியில்தான் ஆபத்து.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற ஒரு நுண்ணுயிர் வித்து வடிவில் இருக்கும். சோறு வேகும் சூட்டில் அது சாகாது. வெந்த சோறு மிதமான சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்து முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. வாசனையோ நிறமோ மாறாமல்கூட இருக்கும். பெரிய பாத்திரம், அதுவும் மூடியது என்றால் நடுவில் இருக்கும் சோறு பல மணி நேரம் அதே வெதுவெதுப்பில் இருக்கும். நுண்ணுயிருக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

5 டிகிரி செல்சியசிலிருந்து 60 டிகிரி வரை உள்ள இடைவெளியை ஆபத்து வட்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சூடாக விற்கும் உணவு 60க்கு மேலேயே இருக்க வேண்டும், குளிர்ந்தது 5க்குக் கீழே. ஆஸ்திரேலியாவில் உணவுக் கடைக்காரர்களுக்கு ஒரு எளிய விதி சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த இடைவெளியில் உணவு மொத்தமாக 2 மணி நேரத்துக்குள் இருந்திருந்தால் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரம் என்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். 4 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். நடுவில் வெளியே எடுத்த நேரமெல்லாம் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

சந்தையிலேயே சமையுங்கள், சின்னச் சின்னப் பாத்திரமாக. முன்பே சமைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கடைக்கு வைக்கும் பெயர்ப் பலகையை விட அது முக்கியம். கை கழுவக் குழாய் வைத்த தண்ணீர்க் கேனும் சோப்பும் உங்கள் கடைக்குள்ளேயே இருக்கட்டும். பணம் வாங்கும் கை வேறு, பரிமாறும் கை வேறு என்றால் ரொம்ப நல்லது.

கேள்வி: எண்ணெய்ச் சட்டிக் கடைகளை எங்கே நிறுத்துவது?
— இடம் பிரிப்பவர்

காற்று வீசும் பக்கத்தின் கடைசியில். அதாவது புகை சந்தைக்கு உள்ளே வராமல் வெளியே போகும் முனையில். சாக்கடை மூடி, பள்ளம், படிக்கட்டு அருகே வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பை மூட்டும் முன் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சட்டி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். அந்தச் சட்டிக்குச் சரியான மூடி கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருந்தால் மட்டும் இடம் கொடுங்கள்.

கேள்வி: போன மாதம் ஒரு கூடாரம் காற்றில் பறந்து அடுத்த கடை மேல் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. தடுப்பது எப்படி?
— பயந்துபோன ஒருவர்

ஒவ்வொரு காலுக்கும் எடை. மூன்று மீட்டர் சதுரக் கூடாரத்துக்குக் காலொன்றுக்குக் குறைந்தது 18 கிலோ. மணல் மூட்டை போதும், ஆனால் காலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், சும்மா பக்கத்தில் வைத்தால் பயனில்லை. காற்று பலமாகிவிட்டால் எடையை நம்பாமல் கூரையை மடக்கிவிடுங்கள். வெயில் பட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: தெருவில் நிரந்தரமாகக் கடை வைத்திருக்கிறேன். சந்தை நாளில் என் வாசலை மறைத்துக் கூடாரம் போட்டுவிடுகிறார்கள். என் வியாபாரம் போகிறது. வாடகை கட்டுபவன் நான், லாபம் அவர்களுக்கா?
— ஒரு கடை உரிமையாளர்

அண்ணா, உங்கள் கோபம் சரியானது. சந்தைக்கு முன்பும் பின்பும் அந்தத் தெருவைத் தெருவாக வைத்திருப்பது நீங்கள்தான். காலையில் ஷட்டரைத் தூக்கி, வாசல் பெருக்கி, இரவு விளக்குப் போட்டு வைப்பவர் நீங்கள். சந்தைக் குழு முதலில் உங்களிடம்தான் வந்திருக்க வேண்டும்.

நாங்கள் இதில் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். இப்போது வழக்கம் இப்படி: எந்தக் கடை வாசலுக்கு முன்னும் கூடாரம் இல்லை, கூடாரங்கள் தெரு நடுவில் முதுகோடு முதுகாக, நடைபாதை முழுக்கத் திறந்திருக்கும். ஒருவர் வாசலுக்கு முன்னால் இடம் இருந்தால் அங்கே மேசை போட முதல் உரிமை அவருக்கு, வாடகை இல்லாமல். அவர் விற்கும் அதே பொருளை அவருக்கு இருபுறமும் நாலு கடை தூரத்துக்கு யாரும் விற்கக் கூடாது. கேட்டுப் பாருங்கள். மறுத்தால் மற்ற நிரந்தரக் கடைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். இது சலுகை இல்லை, உங்களுக்குச் சேர வேண்டியது.

கேள்வி: எங்கள் சந்தைக்குக் கூட்டம் நெரிகிறது. நகரவே முடியவில்லை. இதைவிட வெற்றி என்ன வேண்டும்?
— மகிழ்ச்சியான அமைப்பாளர்

தம்பி, உங்கள் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் நகரவே முடியவில்லை என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2022 அக்டோபர் 29 இரவு சியோல் நகரத்தின் இத்தேவோன் பகுதியில் ஒரு சரிவான சந்தில் கூட்டம் நெருங்கி நெருங்கி, 159 பேர் இறந்தார்கள். அந்தச் சந்தின் குறுகலான இடம் 3.2 மீட்டர் அகலம். பெரும்பாலும் இளவயதினர், கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள்.

ஒரு சதுர மீட்டரில் நாலு பேருக்கு மேல் போனால் எச்சரிக்கையாக வேண்டும். அதற்கு மேல் நெருங்கினால் தனி ஆள் தன் விருப்பப்படி நடக்க முடியாது, கூட்டம் எங்கே சாய்கிறதோ அங்கே எல்லாரும் சாய்வார்கள். கணக்குப் போடத் தெரியாவிட்டாலும் ஒரு அடையாளம் உண்டு: உங்கள் கையை உயர்த்தி முகத்தைத் துடைக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் அந்த இடத்தில் உடனே ஆள் வருவதை நிறுத்துங்கள்.

உங்கள் தெரு எவ்வளவு அகலம் என்று எழுதவில்லை. தீயணைப்பு வண்டி போக நாலு மீட்டர் ஒழிந்த வழி எப்போதும் வேண்டும், அங்கே ஒரு நாற்காலிகூட இருக்கக் கூடாது. பிரபலமான பாட்டுக்காரரைத் தெருவின் குறுகலான இடத்தில் நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் வெளியே போக வழி உள்ள அகலமான இடத்தில் நிறுத்துங்கள். மைக் பிடித்திருப்பவர் சொன்னால் கூட்டம் கேட்கும். ஆகவே இசையை நிறுத்தி அறிவிப்புச் செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அந்த ஆள் மேடை அருகிலேயே நிற்கட்டும். அடுத்த மாதம் சந்தைக்கு முன் எனக்கு எழுதுங்கள், தெருவின் வரைபடத்தோடு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: சாப்பாடும் இசையும் சேர்ந்த சந்தைகளில் உலக அளவில் எதை முன்மாதிரியாகச் சொல்வீர்கள்?
— ஒரு மாணவி

நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் சந்தைக்கும் இரவுச் சந்தைக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழியில் கேட்கிறாய் மகளே, அதனால் இரவுச் சந்தையிலிருந்தே தொடங்குகிறேன்.

மொராக்கோவின் மராக்கெஷ் நகரத்தில் ஜெமா எல் ஃப்னா என்று ஒரு சதுக்கம். பகலில் ஆரஞ்சுச் சாறு விற்பவர்கள், மாலையில் வரிசை வரிசையாக உணவுக் கடைகள் முளைக்கும். நடுநடுவே கதை சொல்பவர்கள், இசைக் குழுக்கள். ஒவ்வொரு குழுவைச் சுற்றியும் மக்கள் வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்துக்கு 'ஹல்கா' என்று பெயர். இரும்புத் தாளங்களைத் தட்டி, மூன்று நரம்புகள் உள்ள கும்ப்ரி வாசிக்கும் ஞாவா இசைக்காரர்களை அங்கே பார்க்கலாம். யுனெஸ்கோ 2001இல் இந்தச் சதுக்கத்தின் பண்பாட்டை மனிதகுலத்தின் வாய்மொழி மரபில் சேர்த்து அறிவித்தது. கட்டடத்துக்காக அல்ல, அங்கே நடப்பதற்காக. மைக்செட்காரியான எனக்கு அதில் பிடித்தது அந்த வட்டம்தான். சுற்றி நிற்கும் உடம்புகளே சுவராகி, உள்ளே இருப்பவர் குரலை உள்ளேயே பிடித்து வைக்கின்றன.

சிங்கப்பூரில் பாடம் வேறு. தெருவோரம் சமைத்து விற்றவர்களை 1971 முதல் 1986 வரையான காலத்தில் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள கூடங்களுக்கு மாற்றினார்கள். 2020இல் அந்தக் கடைப் பண்பாடும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தெருவின் சுதந்திரம் கொஞ்சம் போனது உண்மை. ஆனால் தண்ணீரும் வடிகாலும் இல்லாத இடத்தில் நல்ல சமையல்காரர்கூடச் சுத்தமாகச் சமைக்க முடியாது என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள்.

லண்டனின் கோவன்ட் கார்டன் சதுக்கத்தில் 1662 மே மாதம் ஒரு பொம்மலாட்டம் பார்த்ததாகச் சாமுவேல் பெப்பிஸ் என்ற ஆங்கிலேயர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்கே இருந்த காய்கறிச் சந்தை 1974இல் வேறிடத்துக்குப் போய்விட்டது. தெருக்கலைஞர்கள் போகவில்லை. இன்றும் அங்கே வாசிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே வாசித்துக் காட்டித் தேர்வாக வேண்டும், ஆளுக்கு இடமும் நேரமும் பிரித்துக் கொடுக்கிறார்கள். நேரம் பிரித்துக் கொடுப்பதை நாங்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம். தேர்வை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் சந்தையில் நடுங்கும் குரலில் முதல்முறை பாட வருகிறவர்களுக்கும் இடம் உண்டு.

கேள்வி: பிளாஸ்டிக் தட்டு, கப் மலைபோல் குவிகிறது. வழி உண்டா?
— கூட்டிப் பெருக்குபவர்

உண்டு. கழுவிப் பயன்படுத்தும் குவளையைக் கொடுத்து அதற்கு ஒரு முன்பணம் வாங்குங்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப. ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளில் பல காலமாக இப்படித்தான். எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிக் குவளையாக இருந்தால் எந்தக் கடையிலும் திருப்பித் தரலாம். கழுவும் ஆளுக்குக் கூலி கொடுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 71 வயது. ஊறுகாய் நன்றாகப் போடுவேன். சந்தையில் கடை போட ஆசை. ஆனால் காது சரியாகக் கேட்காது, இரண்டு காதிலும் கருவி. பாட்டுச் சத்தத்தில் வாங்குபவர் சொல்வது புரியுமா என்று பயம். வீட்டில் 'வேண்டாம்' என்கிறார்கள்.
— ஊறுகாய்ப் பாட்டி

பாட்டி, போடுங்கள். உங்களுக்கு ஏற்ற இடத்தை நான் சொல்கிறேன், சந்தைக் குழுவிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.

மேடையிலிருந்து தூரமாக ஒரு இடம். அங்கேயும் உங்கள் முதுகு மேடைப் பக்கம் இருக்க வேண்டும். இப்போது வரும் காது கருவிகள் பலவற்றில் முன்னால் வரும் பேச்சைக் கூடுதலாகவும் பின்னால் வரும் சத்தத்தைக் குறைவாகவும் எடுக்கும் வசதி உண்டு. வாங்குபவர் முன்னால், பாட்டு பின்னால் என்று அமைந்தால் கருவி உங்களுக்காக வேலை செய்யும். கருவி பொருத்திக் கொடுத்தவரிடம் 'சந்தையில் உட்காரப் போகிறேன்' என்று சொல்லுங்கள், அதற்கென்று தனி அமைப்பு வைத்துத் தருவார். முடிந்தால் பின்னால் கனமான துணித் திரை ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

விளக்கு வாங்குபவர் முகத்தில் படவேண்டும். அவருக்குப் பின்னால் விளக்கு இருந்தால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. ஊறுகாய் வகைகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, விலையும் எழுதி, பெரிய எழுத்தில் ஒரு அட்டை மேசை மேல் வையுங்கள். வருகிறவர் விரலால் காட்டினால் போதும். பக்கத்தில் ஒரு சிலேட்டும் பலப்பமும். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம், என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்" என்று அதில் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் அன்பாகவே நடந்துகொள்வார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மைக்செட்காரர் ஒலியைச் சரிபார்க்கும்போது நீங்கள் கடையில் உட்கார்ந்திருங்கள். பேரனையோ பேத்தியையோ எதிரே நிறுத்தி, "எலுமிச்சை ரெண்டு, மாங்காய் ஒண்ணு, காரம் வேண்டாம்" என்று சாதாரணக் குரலில் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் காதில் சரியாக விழும் வரை மேடைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அவர் குறைத்து முடித்ததும், அந்தக் குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.